ஒற்றைக் கண் புலி

குழந்தைகளே, ஒரு சின்ன சோதனை செய்து பார்ப்போமா?

இரண்டு பென்சில்களை எடுத்துக்கொள்ளுங்கள். வலது கையில் ஒன்று, இடது கையில் ஒன்று. கைகளை நன்றாக முன்னால் நீட்டி, பென்சில்களின் முனைகள் ஒன்றையொன்று பார்ப்பது போலப் பிடியுங்கள். இப்போது இரண்டு முனைகளையும் மெல்லக் கொண்டுவந்து தொட வையுங்கள். சுலபமாகத் தொட்டுவிடும். அடுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதையே செய்யுங்கள். ஒரு முனை முன்னால் போகும். மற்றொன்று பின்னால் நிற்கும். இரண்டு மூன்று முறை முயன்ற பிறகுதான் தொடும்.

ஏன் இப்படி? நம் இரண்டு கண்களும் சுமார் 6 சென்டிமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. அதனால் ஒவ்வொரு கண்ணும் ஒரே பொருளைச் சற்று வேறு கோணத்தில் பார்க்கிறது. அந்த இரண்டு படங்களையும் மூளை ஒப்பிட்டுப் பார்த்து, பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்குப் போடுகிறது. ஒரு கண் இல்லாவிட்டால் இந்தக் கணக்கு தடுமாறுகிறது.

அசையாத பென்சிலுக்கே இந்தப் பாடு என்றால், பாய்ந்து வரும் கிரிக்கெட் பந்துக்கு எப்படி இருக்கும்? நல்ல வேகப்பந்து வீச்சாளர் கையிலிருந்து கிளம்பும் பந்து, ஏறக்குறைய அரை வினாடியில் மட்டையாளரிடம் வந்துவிடும். அதற்குள் பந்து எங்கே விழும், எவ்வளவு எழும், எந்தப் பக்கம் திரும்பும் என்று முடிவு செய்ய வேண்டும். தலைக்கவசம் இல்லாத காலமாக இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம்.

அப்படிப்பட்ட காலத்தில், ஒரு கண்ணில் மட்டுமே நல்ல பார்வையோடு இந்தியாவுக்காக 46 டெஸ்ட் போட்டிகள் ஆடினார் ஒருவர். அவற்றில் 40 போட்டிகளில் அவர்தான் கேப்டன். அவர் பெயர் மன்சூர் அலிகான் பட்டோடி. சிறு வயதிலிருந்தே அவருக்கு வாய்த்த செல்லப் பெயர், டைகர்.

வேப்பந்தட்டையில் தெருக் கிரிக்கெட் ஆடினாலும் சரி, செந்துறையில் ஏரித் திடலில் ஆடினாலும் சரி, மட்டை பிடிக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய வாழ்க்கை அவருடையது. இவ்வளவு பெரிய இழப்புக்குப் பிறகும் ஒருவர் ஏன் மைதானத்துக்குத் திரும்புகிறார் என்ற கேள்விக்கு அதில் விடை இருக்கிறது.

பிறந்தநாளில் வந்த துயரம்

பட்டோடி என்பது இன்றைய ஹரியானா மாநிலத்தில், டில்லிக்கு அருகில் உள்ள ஊர். வெள்ளையர் ஆட்சிக் காலத்தில் அது ஒரு சிறிய சமஸ்தானம். அதன் நவாப் இப்திகார் அலிகான் பெரிய கிரிக்கெட் வீரர். இங்கிலாந்து, இந்தியா ஆகிய இரண்டு நாடுகளுக்காகவும் டெஸ்ட் ஆடிய ஒரே மனிதர் அவர்தான். 1932இல் இங்கிலாந்துக்காக ஆடிய முதல் டெஸ்டிலேயே சதம் அடித்தார். 1946இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணிக்குக் கேப்டனாக இருந்தார். தாயார் சாஜிதா சுல்தான், போபால் நவாபின் மகள்.

இந்தத் தம்பதிக்கு 1941 ஜனவரி 5ஆம் தேதி போபாலில் பிறந்தார் மன்சூர். அரண்மனை, வேலையாட்கள், குதிரைகள் என்று எல்லா வசதியும் இருந்த வீடு. ஆனால் 1952 ஜனவரி 5ஆம் தேதி அந்த வீட்டில் பேரிடி விழுந்தது. டில்லியில் குதிரை மீதேறிப் போலோ ஆடிக்கொண்டிருந்த தந்தை, ஆட்டக்களத்திலேயே உயிரிழந்தார். அன்று மன்சூருக்குப் 11ஆவது பிறந்தநாள். அந்த வயதிலேயே பட்டோடி நவாப் என்ற பட்டம் அவர் தலையில் ஏறியது.

படிப்பதற்காக இங்கிலாந்து சென்றார். வின்செஸ்டர் என்ற புகழ்பெற்ற பள்ளியில் சேர்ந்தார். தந்தையின் ஆட்டம் மகனிடமும் இருந்தது. 1959இல் பள்ளி அணிக்குக் கேப்டனாகி, அந்த ஒரு பருவத்தில் மட்டும் 1,068 ரன்கள் குவித்தார். அதற்கு முன் அந்தப் பள்ளியின் சாதனையை 1919 முதல் 40 ஆண்டுகள் தன்வசம் வைத்திருந்தவர் டக்ளஸ் ஜார்டின். மன்சூரின் தந்தை இங்கிலாந்துக்கு ஆடியபோது அவருக்குக் கேப்டனாக இருந்த அதே ஜார்டின்தான்.

பிறகு ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம். 1961இல் அந்தப் பல்கலைக்கழக அணிக்குக் கேப்டனானார். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர் அவரே. அந்த ஆண்டு அவர் தொட்டதெல்லாம் ரன்னாக மாறியது. யார்க்ஷயர் என்ற பலம் மிக்க அணிக்கு எதிராக ஒரே போட்டியின் இரண்டு இன்னிங்சிலும் சதம் அடித்தார். ஜூன் மாத முடிவில் அவர் கணக்கில் 1,216 ரன்கள் இருந்தன.

ஆக்ஸ்போர்டுக்காக ஒரே பருவத்தில் மிக அதிக ரன் எடுத்தவர் என்ற பெருமை அப்போது வேறொருவரிடம் இருந்தது. 1931இல் 1,307 ரன்கள் எடுத்த அவர், மன்சூரின் தந்தை! அதை முந்த மகனுக்கு இன்னும் 92 ரன்களே தேவை. கைவசம் போட்டிகளும் இருந்தன.

அந்த 92 ரன்களை அந்தப் பருவத்தில் அவரால் எடுக்க முடியவே இல்லை.

சில நூறு கெஜ தூரம்

1961 ஜூலை 1. ஆக்ஸ்போர்டு அணி, சசெக்ஸ் அணியுடன் ஹோவ் என்ற கடற்கரை ஊரில் ஆடிக்கொண்டிருந்தது. அன்றைய ஆட்டம் முடிந்தது. வீரர்கள் சிலர் பக்கத்தில் உள்ள பிரைட்டன் நகரில் இரவு உணவு சாப்பிட்டார்கள். விடுதி மிக அருகில்தான். மற்றவர்கள் கடற்கரையோரமாக நடந்து போக முடிவு செய்தார்கள். மன்சூர் மட்டும் நண்பர் ஒருவரின் காரில் ஏறிக்கொண்டார். சில நூறு கெஜம்தான் பயணம்.

எதிரே திடீரென்று இன்னொரு கார் குறுக்கே வந்தது. மோதல். முன் கண்ணாடி நொறுங்கியது. மன்சூரின் வலது தோளில் அடி. கண்ணாடிச் சில்லு ஒன்று வலது கண்ணுக்குள் பாய்ந்தது.

மருத்துவர்கள் அறுவைச் சிகிச்சை செய்தார்கள். கண் தப்பியது, பார்வை தப்பவில்லை. அப்போது மன்சூருக்கு வயது 20.

தொடக்கத்தில் அவருக்கே இழப்பின் அளவு புரியவில்லை. ஓரிரு போட்டிகளை மட்டும் தவறவிட நேரும் என்றுதான் எண்ணினார். கட்டைப் பிரித்த பிறகுதான் உண்மை சுட்டது. குவளையில் தண்ணீர் ஊற்றப் போனால், தண்ணீர் குவளைக்கு வெளியே மேசையில் கொட்டியது. பென்சில் முனைகள் விலகிப் போனதைப் பார்த்தோமே, அதே கதைதான். நாம் விளையாட்டுக்காக மூடிய கண்ணை மறுபடி திறந்துகொண்டோம். அவரால் திறக்க முடியாது.

இந்த நிலையில் அவர் என்ன செய்திருக்கலாம்? எதுவும் செய்யாமல் இருந்திருக்கலாம். அவர் நவாப். பணத்துக்குக் குறைவில்லை. ஆடினால்தான் சோறு என்ற நிலையும் இல்லை. கிரிக்கெட்டை விட்டுவிட்டார் என்று யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். பாவம் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

ஆனால் சில வாரங்களிலேயே அவர் மட்டையை எடுத்துக்கொண்டு வலைப் பயிற்சிக்குப் போனார்.

இரண்டு பந்துகளில் எது நிஜம்?

பயிற்சி முதலில் படுதோல்வியாக இருந்தது. பந்து இங்கே என்று மட்டையை வீசினால், அது வேறெங்கோ போனது. வலது கண்ணில் லென்ஸ் பொருத்திப் பார்த்தார். அது புதிய தொல்லையைக் கொண்டுவந்தது. வீசப்படும் ஒவ்வொரு பந்தும் இரண்டாகத் தெரிந்தது! இரண்டுக்கும் நடுவே ஆறேழு அங்குல இடைவெளி. இரண்டில் எதை அடிப்பது?

தவறாக அடித்து அடித்தே விடையைக் கண்டுபிடித்தார். உள்பக்கமாகத் தெரியும் பந்துதான் நிஜம். வெளிப்பக்கம் தெரிவது மாயை.

அந்த ஆண்டு கடைசியில் இங்கிலாந்து அணி இந்தியாவுக்கு வந்தது. ஐதராபாத்தில் அந்த அணியுடன் நடந்த பயிற்சிப் போட்டியில் ஆட மன்சூருக்கு அழைப்பு வந்தது. லென்சைப் பொருத்திக்கொண்டு களம் இறங்கினார். உள்பக்கப் பந்தை மட்டும் அடித்து, தேநீர் இடைவேளை வரை 35 ரன்கள் சேர்த்துவிட்டார். இடைவேளையில் லென்சைக் கழற்றி வைத்தார். பிறகு ஒரே கண்ணால் பார்த்து ஆடி, 70 ரன்கள் வரை போனார்.

அன்று அவருக்கு வழி புலப்பட்டது. மங்கலாகத் தெரியும் கண் உதவி செய்யவில்லை, குழப்பத்தைத்தான் தந்தது. எனவே தொப்பியின் முன் விளிம்பை வலது கண்ணை மறைக்கும்படி கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். இனிமேல் இடது கண் ஒன்றே போதும். வலது கை மட்டையாளர் நிற்கும்போது பந்து வீச்சாளருக்கு அருகில் இருப்பது இடது கண்தான். அந்த மட்டில் அவருக்கு ஒரு சிறு அதிர்ஷ்டம் இருந்தது.

1961 டிசம்பர் 13. டில்லியில் இங்கிலாந்துக்கு எதிராகத் தன் முதல் டெஸ்டில் களம் இறங்கினார் பட்டோடி. விபத்து நடந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை! எடுத்தது 13 ரன்கள்தான். அடுத்த டெஸ்ட் கல்கத்தாவில். அங்கே 64, 32 என்று எடுத்தார்; இந்தியா வென்றது.

அதற்கடுத்த டெஸ்ட் நம் சென்னையில், 1962 ஜனவரியில் நடந்தது. இன்றைய நேரு விளையாட்டு அரங்கத்துக்கு அப்போது கார்ப்பரேஷன் ஸ்டேடியம் என்று பெயர். அங்கே திரண்டிருந்த தமிழக ரசிகர்களின் கண் முன்னால்தான் பட்டோடி தன் முதல் டெஸ்ட் சதத்தை அடித்தார். 103 ரன்கள். இந்தியா அந்தப் போட்டியையும் வென்றது. இங்கிலாந்துக்கு எதிராக ஒரு டெஸ்ட் தொடரை இந்தியா வெல்வது வரலாற்றிலேயே அதுதான் முதல் முறை.

21 வயதில் கேப்டன்

அடுத்த மாதமே இந்திய அணி மேற்கிந்தியத் தீவுகளுக்குப் புறப்பட்டது. நாரி காண்டிராக்டர் கேப்டன். பட்டோடி துணைக் கேப்டன். பார்படோசில் நடந்த ஒரு போட்டியில், சார்லி கிரிபித் வீசிய வேகப்பந்து காண்டிராக்டரின் தலையைத் தாக்கியது. மண்டை ஓடு உடைந்து, அவசர அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று. அவர் உயிர் பிழைத்தார். ஆனால் மீண்டும் டெஸ்ட் ஆடவே இல்லை.

இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிந்தவருக்கே அந்த நிலை. அடுத்த டெஸ்டில் அணியை நடத்த வேண்டியவரோ ஒற்றைக் கண்ணர். பட்டோடி மறுக்கவில்லை. 1962 மார்ச் 23ஆம் தேதி, 21 வயது 77 நாட்களில் இந்தியாவின் கேப்டனாகக் களம் இறங்கினார். அதுவரை உலகில் எவரும் அவ்வளவு சிறிய வயதில் டெஸ்ட் கேப்டன் ஆனதில்லை. 2004 வரை, 42 ஆண்டுகள் அந்தச் சாதனை நிலைத்து நின்றது.

அந்தத் தொடரில் இந்தியா ஐந்து போட்டிகளிலும் தோற்றது. ஆனால் அவர் மெல்ல மெல்ல அணியைக் கட்டினார். 1964இல் டில்லியில் இங்கிலாந்துக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 203 ரன்கள் எடுத்தார். அதே ஆண்டு சென்னையில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 128.

களத்தில் பந்தைத் தடுப்பதிலும் அவர் கில்லாடி. கவர் திசையில் நின்றுகொண்டு, பந்து வந்ததும் பாய்ந்து பிடித்து எறிவார். தூரத்தைக் கணிக்கக் கஷ்டப்படும் ஒருவர், இந்தியாவின் மிகச் சிறந்த களத் தடுப்பாளர்களில் ஒருவராக விளங்கினார் என்றால், அதன் பின்னால் எத்தனை ஆயிரம் முறை பந்தைப் பிடித்துப் பழகியிருப்பார்!

1967இல் இங்கிலாந்தில் லீட்ஸ் டெஸ்ட். இந்தியா முதல் இன்னிங்சில் சுருண்டு, உடனே மறுபடி ஆட வேண்டிய நிலை. பட்டோடி 148 ரன்கள் எடுத்தார். இந்தியா 510 ரன்கள் குவித்தது. கடைசியில் தோல்விதான் என்றாலும் இங்கிலாந்துக்காரர்களே எழுந்து நின்று பாராட்டிய ஆட்டம் அது. அதே ஆண்டு கடைசியில் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன். தொடைத் தசையில் காயம். சரியாக ஓட முடியாது. அணியோ 25 ரன்னுக்கு 5 விக்கெட் இழந்து தவித்தது. பட்டோடி 75 ரன்கள் எடுத்தார். இரண்டாம் இன்னிங்சில் 85. ஒரு கண், ஒரு கால் என்று அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசாதவர்கள் இல்லை.

அங்கிருந்து நேராக நியூசிலாந்து போனார்கள். 1968இல் அங்கே 3-1 என்று தொடரை வென்றார்கள். வெளிநாட்டில் இந்தியா வென்ற முதல் டெஸ்ட் தொடர் அதுதான்.

போலியோ தாக்கிய கை

பட்டோடியின் அணியில் இன்னொரு அதிசய மனிதர் இருந்தார். பி.எஸ்.சந்திரசேகர். மைசூர்க்காரர். சிறு வயதில் போலியோ தாக்கி அவருடைய வலது கை சூம்பிப் போயிருந்தது. களத்தில் பந்தை எடுத்து எறிய அவர் இடது கையைத்தான் பயன்படுத்துவார். ஆனால் பந்து வீசுவது எந்தக் கையால் தெரியுமா? அந்தச் சூம்பிய வலது கையால்! மெலிந்த அந்தக் கை சாட்டை போலச் சுழலும்; பந்து சுழற்பந்தா வேகப்பந்தா என்று மட்டையாளருக்குப் புரிவதற்குள் விக்கெட் விழுந்துவிடும்.

1964 ஜனவரியில் பட்டோடியின் தலைமையில்தான் சந்திரசேகர் முதல் டெஸ்ட் ஆடினார். மொத்தம் 58 டெஸ்டுகளில் 242 விக்கெட்டுகளைச் சாய்த்தார். பிரசன்னா, பேடி, நம் சென்னை வெங்கட்ராகவன், சந்திரசேகர் ஆகிய நான்கு சுழல் வீரர்களையும் ஒன்றாக நம்பிக் களம் இறக்கிய கேப்டன் பட்டோடி.

ஒரு கண் மட்டும் தெரியும் கேப்டன். ஒரு கை சூம்பிய பந்து வீச்சாளர். எதிரணியினர் இருவரையும் பார்த்து இரக்கப்படவில்லை. இரக்கப்பட அவர்களுக்கு நேரமும் இல்லை. ஒருவரை எப்படி அவுட் ஆக்குவது, மற்றவரிடம் எப்படி அவுட் ஆகாமல் தப்புவது என்பதே அவர்களின் கவலையாக இருந்தது.

ஏன் ஆடினார்?

இப்போது நம் கேள்விக்கு வருவோம். வசதி இருந்தும், ஆபத்து தெரிந்தும் பட்டோடி ஏன் மறுபடி ஆட வந்தார்?

முதல் காரணம் மிக எளிமையானது. அவருக்குக் கிரிக்கெட் பிடிக்கும். விபத்துக்கு முதல் நாள் பிடித்திருந்தது, மறுநாளும் பிடித்தது. கண்ணாடிச் சில்லு பார்வையைத்தான் எடுத்தது, ஆசையை எடுக்கவில்லை. உடலில் குறை உள்ளவர்கள் விளையாட வரும்போது, ஏதோ பெரிய லட்சியம் வேண்டும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். நீங்கள் மாலையில் பையை வீசிவிட்டுத் திடலுக்கு ஓடுகிறீர்களே, எந்த லட்சியத்துக்காக? விளையாடினால் ஜாலியாக இருக்கிறது, அவ்வளவுதானே! அவர்களுக்கும் அதுவே முதல் காரணம்.

இரண்டாவது காரணம், தன்னால் எவ்வளவு முடியும் என்று தெரிந்துகொள்ளும் ஆவல். முடியாது என்று மற்றவர்கள் சொல்லலாம். ஆனால் உண்மையான அளவு ஆடிப் பார்த்தால்தான் தெரியும். இரண்டு பந்துகளில் உள்பக்கப் பந்துதான் நிஜம் என்று எந்தப் புத்தகமும் அவருக்குச் சொல்லவில்லை. ஆடித்தான் கண்டுபிடித்தார்.

மூன்றாவது காரணம் முக்கியமானது. மைதானத்தில் சலுகை கிடையாது. வீட்டில், தெருவில், பள்ளியில் குறை உள்ளவரைப் பார்த்ததும் சிலர் ஐயோ பாவம் என்பார்கள், சிலர் ஒதுக்குவார்கள். ஆனால் வேகமாக ஓடிவரும் பந்து வீச்சாளர், எதிரே நிற்பவருக்கு ஒரு கண்தான் தெரியும் என்று மெதுவாக வீசமாட்டார். அடித்தால் ரன், தவறினால் அவுட். எல்லோருக்கும் ஒரே கணக்கு. அந்தச் சமமான கணக்கில் நிற்பதில்தான் தனி மகிழ்ச்சி இருக்கிறது.

இதில் ஒன்றை மறைக்கக் கூடாது. முயன்றால் இழந்ததெல்லாம் திரும்பக் கிடைக்கும் என்பது உண்மையல்ல. பட்டோடிக்கு அந்தக் கண் திரும்பவில்லை. விபத்துக்கு முன் அவர் ஆட்டத்தைப் பார்த்தவர்கள், உலகின் மிகச் சிறந்த மட்டையாளர்களில் ஒருவராக வருவார் என்று நம்பினார்கள். அவர் டெஸ்டில் எடுத்தது 2,793 ரன்கள், 6 சதங்கள், சராசரி 34.91. இரண்டு கண் இருந்திருந்தால் இன்னும் எவ்வளவோ எடுத்திருப்பார். அது அவருக்கும் தெரியும். தன் கனவின் அளவைச் சற்றுக் குறைத்துக்கொண்டார், ஆட்டத்தை விடவில்லை. முழுதாகக் கிடைக்காது என்று தெரிந்தும் கிடைப்பதை முழு மனதோடு ஆடுவது எளிதான காரியமா?

வில்லும் அம்பும் தந்த மருந்து

பட்டோடிக்கு விபத்து நடப்பதற்கு 13 ஆண்டுகளுக்கு முன், அதே இங்கிலாந்தில் இன்னொரு மருத்துவமனையில் ஒரு புதுமை நடந்தது. ஸ்டோக் மாண்டவில் என்ற ஊர். போரில் முதுகுத் தண்டில் அடிபட்டு, கால்கள் செயலிழந்த வீரர்கள் அங்கே படுத்திருந்தார்கள். லுட்விக் குட்மன் என்ற டாக்டர் அவர்கள் கையில் மருந்துப் புட்டிகளோடு விளையாட்டுப் பொருள்களையும் கொடுத்தார். விளையாடியவர்களின் கைகள் வலுப்பெற்றன; மனச்சோர்வு குறைந்தது. 1948 ஜூலை 29ஆம் தேதி, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், சக்கர நாற்காலியில் அமர்ந்த 16 பேர் அங்கே வில்வித்தைப் போட்டியில் கலந்துகொண்டார்கள். அந்தச் சிறிய போட்டி வளர்ந்து, 1960இல் ரோம் நகரில் முதல் பாராலிம்பிக்காக மலர்ந்தது.

பார்வையற்றவர்களுக்கான கிரிக்கெட்டும் இன்று இருக்கிறது. பந்துக்குள் சிறு குண்டுகள் இருக்கும். பந்து உருண்டு வரும்போது கலகலவென்று சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தைக் காதால் பிடித்து மட்டையால் அடிக்கிறார்கள். 2012இல் பெங்களூரில் நடந்த பார்வையற்றோருக்கான முதல் இருபது ஓவர் உலகக் கோப்பையை வென்றது நம் இந்திய அணிதான்.

பெரம்பலூருக்கு அடுத்த மாவட்டமான சேலத்தைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலுவை உங்களுக்குத் தெரியும். ஐந்து வயதில் பேருந்து ஏறி அவருடைய வலது கால் நசுங்கியது. 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்றார். அடுத்து டோக்கியோவில் வெள்ளி, 2024இல் பாரிசில் வெண்கலம். மூன்று பாராலிம்பிக், மூன்று பதக்கம்!

கடைசி நாட்கள்

1971இல் பட்டோடியின் கேப்டன் பதவி ஒரே ஓட்டு வித்தியாசத்தில் அஜித் வடேகருக்குப் போனது. 1971இல் மன்னர்களின் பட்டங்களையும் மானியங்களையும் அரசு ஒழித்தது. நவாப் பட்டமும் போயிற்று. கேப்டன் பதவியும் பட்டமும் இல்லாமல், வெறும் மன்சூர் அலிகானாக 1973 ஜனவரியில் சென்னை சேப்பாக்கம் மைதானத்துக்கு வந்தார். இங்கிலாந்துக்கு எதிராக 73 ரன்கள் எடுத்தார். இந்தியா வென்றது. பட்டம் போனாலும் மட்டை போகவில்லை!

1974-75இல் மீண்டும் ஒருமுறை கேப்டனாகி, 1975 ஜனவரியில் பம்பாய் டெஸ்டோடு விடைபெற்றார். பிறகு விளையாட்டுப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியராக இருந்தார். சர்வதேசப் போட்டிகளுக்கு நடுவராகவும் பணியாற்றினார். திரைப்பட நடிகை ஷர்மிளா தாகூர் அவருடைய மனைவி. நடிகர் சயீப் அலிகான் மகன். 1964இல் அர்ஜுனா விருதும், 1967இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றவர்.

2011 செப்டம்பர் 22ஆம் தேதி, நுரையீரல் நோயால் டில்லியில் காலமானார். சொந்த ஊரான பட்டோடியில் அடக்கம் செய்யப்பட்டார். இங்கிலாந்தில் நடக்கும் இந்தியா - இங்கிலாந்து டெஸ்ட் தொடருக்கான கோப்பை 2007 முதல் பட்டோடி பெயரைத் தாங்கியிருந்தது. 2025இல் அந்தக் கோப்பைக்கு வேறு பெயர் சூட்டப்பட்டாலும், தொடரை வெல்லும் கேப்டனுக்குப் பட்டோடி பதக்கம் வழங்கப்படும் என்று அறிவித்தார்கள்.

உங்கள் திடலில்...

பெரம்பலூரிலும் அரியலூரிலும், தமிழகத்தின் மற்ற மாவட்டங்களைப் போலவே, மாற்றுத் திறனாளிகளுக்கு விளையாட்டுப் போட்டிகள் நடக்கின்றன. டிசம்பர் 3 உலக மாற்றுத் திறனாளிகள் தினம். அதையொட்டி ஓட்டம், குண்டு எறிதல், சக்கர நாற்காலி ஓட்டம் போன்ற போட்டிகளை நடத்துவார்கள். 2023இல் நடந்த முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளிலும் அவர்களுக்குத் தனிப் பிரிவு இருந்தது. மாவட்ட மாற்றுத் திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டால் விவரம் சொல்வார்கள். உங்கள் வகுப்பில், உங்கள் தெருவில் அப்படி ஒரு நண்பர் இருந்தால் இந்தச் செய்தியைச் சொல்லுங்கள்.

ஆனால் போட்டி ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும். மாலை நேரம் தினமும் வருகிறது. கால் சற்றுத் தாங்கி நடக்கும் ஒரு பையனை, கை வராத ஒரு சிறுமியை உங்கள் ஆட்டத்தில் எங்கே நிறுத்துகிறீர்கள்? பெரும்பாலும் ஸ்கோர் எழுதச் சொல்வோம். அம்பயராக நிற்கச் சொல்வோம். முள்வேலிக்குள் போன பந்தைத் தேடச் சொல்வோம். நல்லெண்ணத்தில்தான் செய்கிறோம். அவர்கள் மனதுக்குள் ஆசைப்படுவதோ மட்டையைப் பிடிக்க.

ஆகவே குழந்தைகளே, அடுத்த முறை அணி பிரிக்கும்போது அவர்களையும் பெயர் சொல்லி அழையுங்கள். ஓட முடியாவிட்டால் அவர்களுக்காக இன்னொருவர் ஓடலாம். மெல்போர்னில் பட்டோடிக்கும் அப்படித்தான் ஒருவர் ஓடினார். மட்டையைக் கையில் கொடுத்த பிறகு, பாவம் பார்த்து உருட்டி விடாதீர்கள். நன்றாக வீசுங்கள். அவுட் என்றால் அவுட் என்று சொல்லுங்கள். சிக்சர் அடித்துவிட்டால், முள்வேலிக்குள் போய் நீங்களே பந்தைத் தேடுங்கள்!